ஸ்பானியத்தில் ‘அலுத்துவிட்டது’ என்று சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானியம் படிக்கும் தமிழர்களுக்கு ‘மெ குஸ்தா’ சட்டென்று பிடிபட்டுவிடும். ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற அதே அமைப்பு. அந்தத் தெம்பில் ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’ என்பதையும் ‘மெ எஸ்தா கன்சாதோ’ என்று சொல்லிவிடுகிறோம். அது தவறு. இங்கே ‘எனக்கு’ வராது, ‘நான்’தான் வரும்: எஸ்தோய் கன்சாதோ. சொல்வது பெண் என்றால் கன்சாதா. ஆண்பால் வடிவத்தை மனப்பாடம் செய்த பெண்கள் அதையே சொல்லிப் பழகிவிடுகிறார்கள். முதல் நாளே திருத்திக்கொள்வது நல்லது. நடுவில் வரும் ‘ன்’னையும் விழுங்கிவிடாதீர்கள். ‘கசாதோ’ என்றால் கல்யாணம் ஆனவர்!

அடுத்தது ‘எஸ்தோய்’, ‘சோய்’ குழப்பம். ‘எஸ்தோய் அபுர்ரீதோ’ என்றால் எனக்குப் போரடிக்கிறது. ‘சோய் அபுர்ரீதோ’ என்றால் நானே ஒரு போர் அடிக்கிற ஆள். சலிப்பு வந்து போகிற நிலை, அதனால் ‘எஸ்தோய்’.

களைப்பைத் தாண்டி வெறுத்தே போய்விட்டால் ‘ஆர்த்தோ’, பெண்ணுக்கு ‘ஆர்த்தா’. எழுத்தில் முன்னால் ‘எச்’ இருக்கும், ஆனால் ஒலிக்காது. எதனால் வெறுத்தது என்பதை ‘தெ’ போட்டுச் சொல்ல வேண்டும், ‘கொன்’ அல்ல. காத்திருந்து அலுத்த பெண் ‘எஸ்தோய் ஆர்த்தா தெ எஸ்பெரார்’ என்பார். காத்திருப்பதும் அலுப்பதும் ஒரே ஆள் என்பதால் வினை அப்படியே நிற்கிறது. அலுக்க வைப்பது வேறு ஆள் என்றால்தான் சிக்கல், ‘தெ கெ’ போட்டு வினையின் வடிவத்தையும் மாற்ற வேண்டும். ‘என்னிடம் கத்துகிறார்கள், வெறுத்துவிட்டது’ என்பதற்கு ‘எஸ்தோய் ஆர்த்தா தெ கெ மெ க்ரீத்தென்’. ‘க்ரீத்தான்’ என்று வழக்கமான வடிவத்தைப் போடக் கூடாது. நன்றாகப் பேசுகிறவர்களே தடுமாறும் இடம் இது, இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அப்புறம் ஒன்று: சிலியில் ‘தெங்கோ ஆர்த்தோ த்ரபாஹோ’ என்று யாராவது சொன்னால் அவருக்காக வருத்தப்பட வேண்டாம். நிறைய வேலை இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். அங்கே ‘ஆர்த்தோ’வுக்கு ‘நிறைய’ என்ற பொருளும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, சலிப்பை உடம்பில் அளக்கிற வழக்கு. ‘அஸ்தா’ என்றால் ‘வரை’. மூக்கு வரை (அஸ்தா லாஸ் நரீசெஸ்), உச்சந்தலை வரை (அஸ்தா லா கொரொனீய்யா), ஸ்பெயினில் கொண்டை வரை (அஸ்தா எல் மோஞ்ஞோ). நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அளவு இடுப்புக்குக் கீழே இறங்கினால் அது கெட்ட வார்த்தை. காதில் விழுந்ததை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள்.

மெக்சிகோவின் ‘அஸ்தா லா மாத்ரெ’யில் ‘அம்மா’ இருக்கிறாளே, மரியாதையானதுதான் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே அது கொச்சை. 2011இல் மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த கவிஞர் ஹவியேர் சிசிலியா, ‘எஸ்தாமோஸ் அஸ்தா லா மாத்ரெ’ (எங்களுக்கு வெறுத்தே போய்விட்டது) என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். வன்முறைக்கு எதிரான ஊர்வலங்களில் அதுவே முழக்கமானது. அந்தத் துயரத்துக்கு நாகரிகமான சொல் எதுவும் போதாது. அலுவலகத்தில் மேலாளரிடம் சொல்ல ‘யா நோ புவேதோ மாஸ்’ போதும்: இனி என்னால் முடியாது.