குடிலைப் பிரிக்கும் நாள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் 25 சொரூபங்கள். மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, ஞானிகள் மூவர், சம்மனசு எனும் வானதூதர் ஒன்று, இடையர் நால்வர், ஒட்டகம் இரண்டு, மாடு, கழுதை, ஆடு பத்து. இந்தக் கணக்கை எனக்கு மனப்பாடமாக்கியவர் அப்பா. அவர் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கணக்கர். இறங்கும் மூட்டைகளுக்கு நான்கு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு என்று நாள் முழுவதும் போட்டுவிட்டு வருபவர், ஜனவரியில் குடிலைப் பிரிக்கும்போதும் பெட்டி மூடியின் உட்புறத்தில் அதே கோடுகளைப் பென்சிலால் போடுவார். "ஏற்றும்போது எண்ணாதவன் இறக்கும்போது அழுவான்" என்பது அவர் வாக்கு.

நான் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். தோ பாயோவில் நான்கறை வீடு. கிறிஸ்துமஸ் அலங்காரத்தை ஏற்றுவதற்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இறக்குவதற்கு யாரும் சொல்வதில்லை. ஒரு மாதம் வீட்டில் ஒளியாக நின்றதை அரை மணி நேரத்தில் பிய்த்து நெகிழிப்பையில் திணிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இறக்குவதும் திருநாளில் சேர்ந்ததுதான். அதை எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன்.

எந்த நாளில்?

ஆர்ச்சர்ட் ரோட்டில் 1984இல் தொடங்கிய விளக்கலங்காரம் புத்தாண்டை ஒட்டி அணைந்ததும், கடைத்தொகுதிகளில் சீனப் புத்தாண்டின் சிவப்பு ஏறிவிடும். அதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். திருச்சபைக் கணக்கில் கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் முடிகிறது. பெரும்பாலும் அது, ஞானிகள் மூவர் பாலனைக் காண வந்ததைக் கொண்டாடும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. எப்படிப் பார்த்தாலும் ஜனவரி 13ஐத் தாண்டாது. நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இறக்குகிறோம். போகி வருவதற்குள் வீடு சுத்தமாகிவிடும். பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று நம் முன்னோர் சொன்ன காலத்தோடும் அது ஒத்துப்போகிறது.

இங்கிலாந்தில் பன்னிரண்டாம் இரவு என்று ஒரு கணக்கு உண்டு. சிலர் ஜனவரி 5 என்பார்கள், சிலர் 6 என்பார்கள். அதற்கு மேல் அலங்காரம் இருந்தால் அந்த ஆண்டு வீட்டுக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்த பச்சைக் கிளைகளில் மர ஆவிகள் தங்கியிருக்கின்றன, அவற்றை உரிய நாளில் வெளியே விடவேண்டும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அதே நாட்டில் அதற்கு முந்தைய காலத்தில் பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாள் வரை பசுந்தழைகள் தொங்கின. இறக்கிய தழையைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று ஓர் ஊர் சொல்லும், எரிக்கவே கூடாது என்று பக்கத்து ஊர் சொல்லும். சுவீடனில் ஜனவரி 13, புனித கனூட் நாள்வரை மரம் நிற்கும். எங்கள் தளத்தில் இருக்கும் பிலிப்பீன்ஸ் செவிலியர் குடும்பம், ஜனவரி மூன்றாம் ஞாயிறு வரும் குழந்தை இயேசு திருநாள்வரை தங்கள் நட்சத்திர விளக்கைக் கழற்றுவதில்லை. ஹில் ஸ்திரீட்டில் 1835இல் கட்டப்பட்ட ஆர்மேனிய ஆலயத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வரும்: ஆர்மேனியத் திருச்சபைக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவே ஜனவரி 6தான். இங்கிலாந்துக்காரர் ஏணியில் ஏறிக் கழற்றும் நாளில் அவர்கள் பாலனை வரவேற்கிறார்கள்.

ஆகவே நாள் தவறிவிட்டதே என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காத வீட்டில்தான் மார்ச் மாதம் வரை ஜன்னலில் பாதி அறுந்த சரம் தொங்கும்.

துக்கம் நடந்த வீட்டுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் வேண்டாம். இரண்டாம் எலிசபெத் அரசியார் தம் தந்தை ஆறாம் ஜார்ஜ் 1952இல் இறந்த பிப்ரவரி 6 கழியும்வரை சாண்ட்ரிங்காம் மாளிகையில் அலங்காரத்தை விட்டுவைத்துவந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன. அப்பா ஓர் அக்டோபரில் இறந்தார். அந்த ஆண்டு நட்சத்திரம் கட்டவில்லை, குடில் மட்டும் வைத்தோம். ஜனவரியில் பெட்டி மூடியைத் திறந்து அவர் போட்ட கோடுகளைப் பார்த்ததும் என்னால் ஓர் ஆட்டைக் கூட எடுக்க முடியவில்லை. பிப்ரவரி கடைசியில்தான் பிரித்தோம். அதனால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

யார் செய்வது?

எல்லோரும். சுவீடனில் கனூட் நாளன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, மரத்தில் தொங்கும் மிட்டாய்களைச் "சூறையாட" விடுவார்கள். மரத்தைச் சுற்றி ஆடிப் பாடிவிட்டு அதை வெளியே எடுத்துப் போடுவார்கள். பிரிவை விளையாட்டாக்கிய அந்த மக்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. அயர்லாந்தில் ஜனவரி 6ஐப் பெண்களின் கிறிஸ்துமஸ் என்பார்கள். பண்டிகை முழுதும் அடுப்படியில் நின்ற பெண்கள் அன்று உட்கார்ந்துவிடுவார்கள், வீட்டு வேலை ஆண்களுடையது. இதைத் தெரிந்துகொண்ட ஆண்டிலிருந்து பிரிக்கும் நாளில் என் மனைவிக்கு நாற்காலி, தேநீர், சோபாவிலிருந்தபடி சொல்லும் உரிமை. மற்றதெல்லாம் நானும் பிள்ளைகளும். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சுமுறுக்கில் ஒரு டின்னை இந்த நாளுக்கென்று ஒதுக்கிவிடுவோம். பேரப்பிள்ளைகள் வருவதற்கு அது போதும்.

முதலில் மின்சாரம்

சுவிட்சை அணைத்து, செருகியைப் பிடுங்கி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். செருகியைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் இறங்குங்கள்: உச்சி நட்சத்திரம், கண்ணாடி உருண்டைகள், மற்றத் தொங்கல்கள், ஜிகினாச் சரம், எல்லாவற்றுக்கும் கடைசியாக விளக்குச் சரம். விளக்கை முதலில் இழுத்தால் அது உருண்டைகளையும் சேர்த்து இழுத்துத் தரையில் போடும்.

விளக்குச் சரத்தைக் கையில் சுருட்டி முடிச்சுப் போடாதீர்கள். வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் கூர்மையாக மடங்கும் இடத்தில்தான் முதலில் அறும். ஒரு முழ நீள அட்டையின் இரு முனைகளிலும் பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். செருகி இல்லாத முனையிலிருந்து தொடங்கித் தளர்வாகச் சுற்றினால் செருகி கடைசியில் வெளியே நிற்கும். அடுத்த டிசம்பரில் சுற்றைப் பிரிக்காமலே ஒரு நொடி செருகிப் பார்த்து, எரிகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். சுற்றிய நிலையில் நெடுநேரம் எரியவிடக் கூடாது, சூடேறும். வயரின் உறை எங்காவது வெடித்திருந்தால் ஒட்டுநாடா சுற்றிச் சமாளிக்காமல் அந்தச் சரத்தை இந்த ஆண்டோடு விட்டுவிடுங்கள். 230 வோல்ட்டோடு சமரசம் வேண்டாம். பேட்டரியில் எரியும் விளக்குகளிலிருந்து பேட்டரியை அன்றே எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் அது கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும்.

சுவரில் ஒட்டிய கொக்கிகளின் நாடாவை உங்களை நோக்கி இழுத்தால் சாயம் பெயரும். சுவரோடு சுவராக, நேர் கீழே, மெதுவாக இழுங்கள். வராவிட்டால் தலைமுடி உலர்த்தியால் கொஞ்சம் சூடு காட்டுங்கள்.

வீட்டு வாசலில் நடைபாதைப் பக்கம் வைத்ததையும் அன்றே எடுத்துவிடுங்கள். நெருப்பென்றால் மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் ஓடுகிற வழி அது.

சொரூபங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். எங்கள் சொரூபங்கள் பிளாஸ்டரில் செய்து சாயம் பூசியவை. வடகிழக்குப் பருவமழையில் காற்றே நனைந்திருக்கும். ஒரு முறை நான் அவசரத்தில் மாதாவைச் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டேன். அடுத்த டிசம்பரில் பிரித்தபோது, தாள் முகத்தில் ஒட்டி, கன்னத்தில் எழுத்துகள் இடவலமாகப் பதிந்திருந்தன. ஈரப்பஞ்சால் அம்மா இரண்டு நாள் ஒற்றி ஒற்றி எடுத்தார். உதட்டுச் சாயம் கொஞ்சம் போயே போய்விட்டது. குமிழித் தாளும் சாயத்தின்மேல் நேராகப் படக் கூடாது. வெக்கையில் அதுவும் ஒட்டி வட்ட வட்டமாகத் தழும்பு வைக்கும்.

சரியான முறையைச் சொல்லித் தந்தவர் ஒன்பதாம் மாடி மாமி. நவராத்திரிக்கு ஏழு படி கொலு வைப்பவர். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை நிறைவு செய்துவிட்டு, மறுநாள்தான் பெட்டியில் அடுக்குவார். "பழைய வேட்டிதான் தம்பி. பலமுறை துவைத்து நைந்துபோன வேட்டி. அதுக்கு மேல மெத்துனு ஒண்ணு கிடையாது" என்றார். அன்றிலிருந்து அப்பாவின் வேட்டிகள்தான் எங்கள் பெட்டியில் இருக்கின்றன.

முதலில் காய்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். சிறகு, விரல், கொம்பு, ஒட்டகக் கால் இருக்கும் இடத்தில் இன்னொரு மடிப்பு. கனமானவை பெட்டியின் அடியில், சம்மனசு எல்லாவற்றுக்கும் மேல். அட்டைப்பெட்டி ஈரத்தையும் கரப்பானையும் கூப்பிடும். இறுக்கமாக மூடும் நெகிழிப் பெட்டிக்கு மாறி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். நான் அப்பாவின் அட்டை மூடியை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். எதையாவது உடைத்துவிட்டால் துண்டுகளைச் சிறு பையில் போட்டு, எது என்று எழுதி உடன் வையுங்கள். "ஆடு, இடது காது" என்று அப்பா எழுதிய சீட்டு இன்னும் இருக்கிறது. காது போன ஆடும் பத்தில் ஒன்றாகத்தான் நிற்கிறது.

வைக்கோலை எடுத்து வைக்காதீர்கள். எவ்வளவு காய்ந்ததாகத் தெரிந்தாலும் பூஞ்சையும் பூச்சியும் அதில் குடியேறும். ஆண்டுதோறும் புதிது போடுங்கள். குடிலில் பச்சைக்காகக் கேழ்வரகு முளைக்கவிடும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் கோதுமையை முளைக்கவிட்டு அதையே குடிலில் வைக்கிறார்கள் என்று அறிந்தபோது, அடுத்த தெருவில் உறவினர் இருப்பதைக் கண்டுகொண்டதுபோல் இருந்தது. அந்த நாற்றைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. கீழே சமூகத் தோட்டத்தில் இடம் கேட்டு மண்ணில் வைத்துவிடுவேன்.

கழிக்க வேண்டியவை

உண்மையான மரம் வாங்கியவர்கள், திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும் கடையிலேயே கேட்டுவையுங்கள். பெரிய செயற்கை மரத்தை எறிவதென்றால் குப்பைத் துவாரத்தில் திணிக்காமல் நகர மன்றத்துக்குச் சொல்லுங்கள். ஜிகினாவை நீல மறுசுழற்சித் தொட்டியில் போடாதீர்கள். பேட்டரிக்கு மின்கழிவுத் தொட்டி இருக்கிறது. புளோக்கின் கீழே வழிபாட்டுத் தாள் எரிக்கும் பீப்பாய்களில் அலங்காரத்தைப் போடுவது இரண்டு வகையில் தவறு. அது இன்னொருவர் தம் முன்னோருக்குச் செலுத்தும் காணிக்கைக்கான இடம். செயற்கை மரமும் ஜிகினாவும் பெரும்பாலும் பிவிசி என்னும் நெகிழி என்பதால், எரிந்தால் நச்சுப் புகை கிளம்பும்.

எல்லாம் எடுத்தபின் வீடு வெறிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் வாசற்கதவின் மேல்சட்டத்தில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதுவோம். ஜெர்மனியில் மூன்று ராஜாக்களாக வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிச் சென்று இப்படி எழுதுகிறார்கள்: ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள், நடுவே சி, எம், பி என்ற மூன்று எழுத்துகள், பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்று ராஜாக்களின் பெயராகவும் அவற்றைக் கொள்ளலாம். கிறிஸ்து இந்த இல்லத்தை ஆசீர்வதிப்பாராக என்னும் லத்தீன் வேண்டுதலின் முதலெழுத்துகளாகவும் கொள்ளலாம். மூத்த பேத்தி என் தோளில் ஏறி எழுதுவாள்.

ஞாயிறு இரவு பெட்டி மூடியில் 24 கோடுகள்தான் இருக்கும். குழந்தை இயேசுவை அன்று பெட்டியில் வைப்பதில்லை. மெக்சிகோவில் பிப்ரவரி 2 அன்று குழந்தைச் சொரூபத்துக்குப் புத்தாடை உடுத்திக் கோயிலுக்கு எடுத்துச் செல்வார்கள். எங்கள் வீட்டில் அதுவரை அவர் மாதா படத்துக்குக் கீழே, அகல்விளக்கின் பக்கத்தில் இருப்பார். பிப்ரவரி 2 மாலை, ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் பூசை முடித்து வந்ததும் மனைவி அவரை வேட்டித் துண்டில் சுற்றித் தருவார். நான் வாங்கி மாதாவுக்கும் சூசையப்பருக்கும் இடையே வைப்பேன். பென்சிலை எடுத்து ஐந்தாம் கட்டின் நான்கு கோடுகளுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, பெட்டியை மூடுவேன்.