கள்ளி வளர்க்கப் போகிறீர்களா? முதலில் அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள்

"கேக்டஸுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடணும்?" புதிதாகச் செடி வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். "அது என்ன செடி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மதுரையில் மொட்டை மாடியில் இருபது வருடமாகக் கள்ளி சேர்த்து வருகிறேன். எந்தச் செடி, எந்த நிலத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் தாகம் தெரியும். அதனால் மண்வெட்டியைத் தொடும் முன் பெயரில் தொடங்குவோம்.

முதல் படி: அது கேக்டஸ்தானா என்று பாருங்கள்

நம் ஊரில் சதைப்பற்றோடு முள்ளும் இருந்தால் கள்ளி என்றுவிடுவோம். ஆனால் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் கேக்டஸ் இல்லை. அவை யூபோர்பியா இனம், ஆமணக்கின் உறவு. சாலையோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளிதான் உண்மையான கேக்டஸ், அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே பரவியது. கேக்டஸ் குடும்பம் முழுக்க அந்தக் கண்டத்துக்குத்தான் சொந்தம். ஒரே ஒரு விதிவிலக்கு ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. மரத்தில் தொற்றித் தொங்கும் இந்தச் செடி ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் பக்கத்தில் இலங்கைக் காடுகளிலும் இயற்கையாகவே வளர்கிறது.

ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு, முள் புறப்படும் இடத்தை உற்றுப் பாருங்கள். கேக்டஸ் என்றால் அங்கே பஞ்சு ஒட்டியது போல வட்டமான ஒரு சின்னத் திட்டு இருக்கும். இதற்கு ஏரியோல் என்று பெயர். முட்கள் கொத்தாக அதிலிருந்துதான் வரும். புதுத் திட்டு வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ மெத்தென்று இருக்கும், வயதானது சாம்பல் பூத்துப் போயிருக்கும். யூபோர்பியாவில் இந்தப் பஞ்சு கிடையாது. பெரும்பாலும் முள் ஜோடி ஜோடியாக, தோலிலிருந்தே கொம்பு முளைத்தது மாதிரி நிற்கும்.

பால் வடிந்தால் யூபோர்பியா என்று ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம், மாமிலேரியாவில் சில வகைகளிலும் பால் வரும். தவிர, கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. கிள்ளிப் பார்க்கவே வேண்டாம், ஏரியோலைப் பாருங்கள், போதும்.

இரண்டாம் படி: இனத்தைக் கண்டுபிடியுங்கள்

நர்சரியில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கைந்து இனங்கள்தான். உடம்பெங்கும் சின்னச் சின்னக் காம்பு மாதிரி புடைப்பு, உச்சியைச் சுற்றி வளையமாகப் பூ என்றால் மாமிலேரியா. உருண்டையாக, விலா எலும்பு போன்ற வரிகளோடு தங்க நிற முள் என்றால் தங்கப் பந்து, மெக்சிகோ செடி. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம், தோலில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளி என்றால் ஆஸ்ட்ரோஃபைட்டம். மொட்டில் முடியோ முள்ளோ இல்லாமல் வழவழவென்று செதில் மட்டும் இருந்தால் ஜிம்னோகாலிசியம். நீண்ட குழாய்ப் பூ, குழாயெங்கும் முடி என்றால் எக்கினாப்சிஸ். இதில் பல வகை இரவில் பூக்கும்.

பச்சைத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை தனிக் கதை. மேலே இருப்பது பச்சையமே இல்லாத ஜிம்னோகாலிசியம், கீழே இருப்பது பெரும்பாலும் டிராகன் பழச் செடியின் தண்டு. உருண்டையை மட்டும் வெட்டி மண்ணில் வைத்தால் பிழைக்காது. இன்னொன்று, உச்சியில் காகிதம் போல மொறமொறவென்று பூ இருந்தால் லேசாக அசைத்துப் பாருங்கள். பசை போட்டு ஒட்டிய காய்ந்த பூவாக இருக்கலாம். அந்தச் செடியை நான் வாங்க மாட்டேன். பசை காய்ந்த இடத்தில் செடி புண்ணாகிப் போகும்.

மூன்றாம் படி: மண்ணை மாற்றுங்கள்

வாங்கிய செடி பெரும்பாலும் முழுத் தேங்காய் நார்த்தூளில் இருக்கும். காய்ந்தால் அது கட்டியாகித் தண்ணீரை உள்ளே விடாது, நனைந்தாலோ வாரக்கணக்கில் ஈரம் போகாது. செய்தித்தாளை நாலாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்து, தொட்டியிலிருந்து எடுங்கள். பழைய தூளை உதிர்த்துவிட்டு வேரைப் பாருங்கள். வேரோடு ஒட்டி வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

நான் போடும் கலவை: ஆற்று மணலில் பருவெட்டு இரண்டு பங்கு, மிளகு அளவு செங்கல் துண்டு ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு. மணலையும் செங்கல்லையும் சலித்துத் தூளைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். தூள்தான் அடியில் சேறாகிறது. கடல் மணல் வேண்டாம், உப்பு. வெட்டிய வேரை நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள், அப்புறம் செடியைவிட இரண்டு விரல் அகலமான மண்தொட்டியில் நடுங்கள். நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் இல்லை. புதுத் தொட்டி, புது மண் என்றதும் கை தானாகவே குவளையைத் தேடும். பொறுங்கள்.

நான்காம் படி: தண்ணீர்

ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் விட வேண்டாம். முழுக்கக் காய்ந்திருந்தால் அடித் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். நாள் எண்ணாதீர்கள். நான் மாலையில்தான் ஊற்றுகிறேன், பகல் சூடு இறங்கிய பிறகு.

இங்கேதான் பெயர் உதவுகிறது. மெக்சிகோவின் தங்கப் பந்துக்கு வெயிலும் நீண்ட வறட்சியும் பழக்கம். தென் அமெரிக்கப் புதர் நிழலிலும் புல்லிடையிலும் வளர்ந்து பழகிய ஜிம்னோகாலிசியத்துக்கு அரை நிழல் வேண்டும். பிரேசில் காட்டு மரங்களில் வளரும் கிறிஸ்துமஸ் கேக்டஸை இந்த இரண்டையும் போலக் காயப்போட்டால் சுருங்கிவிடும். மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே அளவு ஊற்றினால் ஒன்று அழுகும், ஒன்று வாடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே தெளிவான பிளாஸ்டிக் ஷீட் கட்டாயம். ஒரு நவம்பரில் நாலு நாள் அடைமழையில் எனது ஆஸ்ட்ரோஃபைட்டம் அழுகியது. மேலே ஒரு மாற்றமும் தெரியவில்லை, தொட்டபோது விரல் உள்ளே போனது. எட்டு வருடம் வளர்த்த செடி. சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை போடுங்கள். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் வெளுத்த தழும்பு விழும், அது திரும்ப ஆறாது.

கடைசியாக: பெயர் அட்டை

வெள்ளை பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை நம் வெயிலில் சீக்கிரம் மறைந்துவிடும். வாங்கிய தேதி, வாங்கிய ஊர், தெரிந்தவரை பெயர். வகைப் பெயரை அவசரப்பட்டு எழுத வேண்டாம், பூவைப் பார்க்கும் வரை இனம் மட்டும் போதும். என்னிடம் 'கேக்டஸ், 60 ரூபாய்' என்று மட்டும் எழுதிய ஒரு செடி இரண்டு வருடம் இருந்தது. போன மாசியில் அதன் உச்சியில் முடியே இல்லாத, வழவழப்பான, செதில் அடுக்கிய ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. அன்றைக்கே பென்சிலை எடுத்து 'ஜிம்னோகாலிசியம்' என்று சேர்த்து எழுதி, தொட்டியைப் பச்சை வலைக்குக் கீழே நகர்த்தினேன்.