நட் ஹாம்சனைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனுக்கு இலக்கிய நோபல் பரிசு வாங்கித் தந்தது அவருடைய ‘பசி’ நாவல் அல்ல. முதலில் இதைச் சரிசெய்துகொள்வோம். ‘பசி’ வெளிவந்தது 1890இல், பரிசு கிடைத்தது 1920இல். பரிசுக் குழு குறிப்பிட்டது, 1917இல் வெளியாகி, க.நா.சு. ‘நிலவளம்’ என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்த நாவலைத்தான். இரண்டு நாவல்களுக்கும் நடுவே கால் நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளி உண்டு, எழுத்து முறையும் வேறு. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதைப் பற்றிப் பேசினால் மாட்டிக்கொள்வோம்.

இன்னொரு சின்னத் தவறு, அவர் நார்வேயின் வடகோடியில் பிறந்தவர் என்று எழுதுவது. 1859இல் பிறந்தது உள்நாட்டு மலைப் பள்ளத்தாக்கில், குட்பிரான்ஸ்டாலில். மூன்று வயதில்தான் குடும்பம் வடக்கே ஹாமரோய்க்குப் போனது. இயற்பெயர் நட் பெடர்சன். ஹாம்சுன்ட் என்பது அங்கே அவர்கள் குடியிருந்த பண்ணையின் பெயர், அதையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1885இல் மார்க் ட்வைன் பற்றி அவர் எழுதிய பத்திரிகைக் கட்டுரையில் அச்சகத்தார் அந்தப் பெயரின் கடைசி ‘ட்’ எழுத்தை விட்டுவிட, அவரும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

‘பசி’யை வறுமையின் கொடுமையைச் சொல்லும் சமூக நாவலாக அறிமுகப்படுத்துவது இதைவிடப் பெரிய சறுக்கல். ஹாம்சன் 1880களில் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், பட்டினி கிடந்தது உண்மை. பத்திரிகைகளுக்குக் கட்டுரை விற்றுப் பிழைக்கப் பார்த்ததும் உண்மை. ஆனால் அவருடைய கதாநாயகனை எந்த முதலாளியும் வதைக்கவில்லை. ஒரு பிச்சைக்காரனுக்குக் காசு கொடுப்பதற்காகத் தன் கையில்லா மேற்சட்டையை (வெயிஸ்ட்கோட்) அடகு வைக்கிறான். அதன் பையில் பென்சில் இருந்தது நினைவுக்கு வர, அடகுக் கடைக்கே திரும்பிப் போய், அந்தப் பென்சிலால் மூன்று பாகங்களில் தத்துவ நூல் எழுதியதாக அளந்துவிடுகிறான். பணம் வேண்டுமா என்று பத்திரிகை ஆசிரியர் தாமாகவே கேட்கும்போது வேண்டாம் என்கிறான். பசி இந்த நாவலில் மனம் தாறுமாறாக ஓடுவதைப் பார்ப்பதற்கான ஒரு வழி. ஏழைகளுக்கு நீதி கேட்கும் கதையை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துதான் போவார்.

சரி, இனி சங்கடமான பகுதி. அவர் நாஜிகளை ஆதரித்ததற்கு ‘தள்ளாத வயது, காது வேறு கேட்காது, பாவம்’ என்று சமாதானம் சொல்வது வழக்கம். காது கேட்காதது உண்மைதான். ஆனால் கண் தெரிந்தது, செய்தித்தாள் படித்தார், செய்தித்தாளில் எழுதினார். அந்தக் கட்டுரைகளின் தேதிகளைப் பார்த்தால் இந்தச் சமாதானம் நிற்காது. அமெரிக்காவின் ஜனநாயகத்தைக் கிண்டலடித்து அவர் புத்தகம் போட்டது 1889இல், முப்பது வயதில். 1935இல் ஜெர்மானியப் பத்திரிகையாளர் கார்ல் ஃபோன் ஒஸியெட்ஸ்கி வதைமுகாமில் கிடந்தபோது, அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு தரும் முயற்சியை எதிர்த்து நார்வே நாளிதழ்களில் எழுதினார். சிறைப்பட்ட சக எழுத்தாளனை ஏளனம் செய்ததற்காக நார்வே எழுத்தாளர்கள் கூட்டாகக் கண்டித்தார்கள். 1940இல் ஜெர்மன் படை நாட்டுக்குள் நுழைந்தபோது, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று தன் நாட்டு இளைஞர்களுக்கே எழுதினார். 1945 மே 7 அன்று ஆஃப்டன்போஸ்டன் நாளிதழில் ஹிட்லருக்கு அவர் எழுதிய இரங்கல் குறிப்பு வெளிவந்தது. மனிதகுலத்துக்கான போராளி என்று அதில் புகழ்ந்திருந்தார். அதை எழுதும்படி யாரும் அவரை மிரட்டவில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. 1943 ஜூனில் ஹிட்லரைச் சந்தித்தபோது, நார்வேயை ஆண்ட ஜெர்மன் அதிகாரி டெர்போவனை நீக்கும்படி ஹாம்சன் வற்புறுத்த, ஹிட்லர் கோபத்தில் பேச்சை முறித்துக்கொண்டார். மரண தண்டனை விதிக்கப்பட்ட நார்வேக்காரர்கள் சிலருக்காக ஹாம்சன் தந்தி அனுப்பியதும் உண்மை. இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை மறைமுக எதிர்ப்பாளராக்கிவிடுகிறார்கள். அதே ஆண்டுதான் தன் நோபல் பதக்கத்தை ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு அன்பளிப்பாக அனுப்பினார்! ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது வக்கீல் வேலை.

தேசத்துரோகத்துக்காகச் சிறை சென்றார் என்பதும் தவறு. மருத்துவர்கள் அவரை ஆஸ்லோவின் மனநல மருத்துவமனையில் சுமார் நான்கு மாதம் வைத்துப் பரிசோதித்து, மனத்திறன் நிரந்தரமாகக் குன்றியவர் என்று அறிக்கை தந்தார்கள். குற்றவியல் வழக்கு கைவிடப்பட்டது. நடந்தது இழப்பீட்டு வழக்கு. 1947இல் கிரிம்ஸ்டாட் நீதிமன்றம் 4,25,000 குரோனர் கட்டச் சொன்னது, மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை 3,25,000 ஆகக் குறைத்தது. மனத்திறன் குன்றியவர் என்று சொல்லப்பட்ட அதே மனிதர், 1949இல் தொண்ணூறு வயதில், அந்த விசாரணை நாட்களைப் பற்றித் தெளிவும் குறும்பும் நிறைந்த ஒரு புத்தகத்தை வெளியிட்டார். மருத்துவ அறிக்கையை ஆதாரமாகக் காட்டுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான தவறு: ‘கட்டுரையாளர் தப்பானவர், நாவலாசிரியர் சுத்தமானவர்’ என்று ஆளை இரண்டாக வெட்டுவது. ‘நிலவளம்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். 1915இல், பிறந்த குழந்தையைக் கொன்ற ஓர் இளம்பெண்ணுக்குச் சில மாதச் சிறை மட்டுமே கிடைத்ததைக் கண்டு ஹாம்சன் கொதித்தார். இப்படிச் செய்யும் பெற்றோரைத் தூக்கில் போட வேண்டும் என்று நாளிதழில் எழுதினார். அப்புறம் இரண்டே ஆண்டில் வந்த நாவலில் குழந்தைக் கொலை ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப வருகிறது. பிளவுபட்ட உதட்டோடு பிறந்தவள் இங்கர். ஊராரின் ஏளனத்தைத் தானே அனுபவித்தவள், அதே உதட்டோடு பிறந்த மகளைக் கொன்றுவிடுகிறாள். சிறையில் பல ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறாள், கணவன் ஈசாக் அவளை ஏற்றுக்கொள்கிறான். கட்டுரையில் இல்லாத இரக்கம் இங்கே இருக்கிறது. ஆனால் குழந்தைக் கொலை வழக்கில் மாட்டும் இன்னொரு பெண்ணான பார்ப்ரோ விஷயத்தில் பழைய கட்டுரையாளர் திரும்பி வந்துவிடுகிறார். உள்ளூர் அதிகாரியின் மனைவி நீதிமன்றத்தில் பெண்களின் நிலை பற்றி நீண்ட பிரசங்கம் செய்து பார்ப்ரோவைக் காப்பாற்றுகிறாள். அந்தப் பிரசங்கத்தை ஹாம்சன் கேலியாகத்தான் எழுதியிருக்கிறார். பார்ப்ரோ முன்பே பெர்கனில் இன்னொரு குழந்தையையும் கொன்றவள் என்பதையும் வாசகருக்குத் தெரிவித்துவிடுகிறார். 1915 கட்டுரையைப் பற்றித் தெரியாதவருக்கு, அமைதியான பண்ணைக் கதையின் நடுவே இந்த வழக்கு ஏன் இத்தனை பக்கங்களை எடுத்துக்கொள்கிறது என்றே விளங்காது.