நாய் சாப்பிட மறுக்கிறதா, வயிறு கெட்டிருக்கிறதா? எதை முதலில் பார்ப்பது

கடலூர்ப் பக்கம் நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இரண்டு: "சோத்தைத் தொடவே மாட்டேங்குது", "வயித்தால போகுது". இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாக நினைக்கிறோம். ஆனால் பல வீடுகளில் ஒன்றுதான் இன்னொன்றைக் கூட்டி வருகிறது. காலையில் வைத்ததைத் தொடவில்லை என்று மதியம் முட்டை, அதையும் விட்டால் சாயங்காலம் கோழி ஈரல், ராத்திரி பால்சாதம். வேளைக்கு ஒன்றாக மாற்றினால் வயிறு கலங்கும். வயிறு கலங்கினால் அடுத்த வேளைச் சாப்பாடு இறங்காது. உடனே இன்னும் ருசியாக எதையாவது தேடுவோம். இந்தச் சுற்றை எங்கே அறுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: அடமா, நோயா?

தட்டைத் தள்ளுவதற்கு முன் நாயைப் பாருங்கள். வாலாட்டுகிறது, கேட் சத்தத்துக்கு ஓடுகிறது, நீங்கள் சாப்பிடும்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்காருகிறது என்றால் பெரும்பாலும் அடம்தான். மூலையில் சுருண்டு கிடக்கிறது, பிடித்த பண்டத்தையே முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்றால் விஷயம் வேறு.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் ஓர் இடத்தை அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் சிலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் தோள் பக்கத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பாகவே நின்றால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

மூக்கு காய்ந்திருக்கிறது, அதனால் காய்ச்சல் என்பதை நம்ப வேண்டாம். நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்தால் எந்த நாயும் சூடாகத்தான் இருக்கும்.

படி 2: டாக்டரிடம் உடனே போக வேண்டியவை

மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம். குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி. ஈறு வெளுத்துப்போவது. வயிறு உப்பி, வாந்திக்கு முக்கியும் எதுவும் வராமல் தவிப்பது. இதில் இரைப்பை முறுக்கியிருக்கலாம், மணி நேரக் கணக்கில் உயிர் போகும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் நாற்றமடிக்கும் பேதியும் சேர்ந்தால் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சோர்வு, காய்ச்சல், சாப்பிடாமை மூன்றும் சேர்ந்து, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெக்கைக்கு உண்ணி வருஷம் முழுக்க உண்டு.

அரசு கால்நடை மருத்துவமனை கடலூரிலேயே இருக்கிறது. புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையும் உண்டு. போகும்போது மலத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு போட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெந்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும். டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

படி 3: லேசான வயிற்றுக் கோளாறுக்கு வீட்டில் செய்வது

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது, ஒன்றிரண்டு முறை இளகிப் போயிருக்கிறது என்றால் இதைச் செய்யலாம். வாந்தி இருந்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஒரேயடியாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். குட்டிகளையும் பொமரேனியன் போன்ற சின்ன உருவ நாய்களையும் பட்டினி போடவே வேண்டாம், சர்க்கரை இறங்கிவிடும்.

அப்புறம் பத்தியச் சாப்பாடு. தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். அரிசியைக் குழைய வடியுங்கள். கறி ஒரு பங்கு, சோறு இரண்டு பங்கு. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வழக்கமான அளவில் கால் பங்கை ஒரு வேளைக்கு என்று நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்த்தால் மலம் கெட்டிப்பட உதவும். பால் வேண்டாம். பேதியின்போது பால் ஊற்றும் பழக்கத்தை எந்தப் பெரியவர் தொடங்கிவைத்தாரோ தெரியவில்லை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது.

இரண்டு மூன்று நாளில் மலம் கெட்டிப்படவில்லை என்றால் டாக்டர்தான். வீட்டு மருந்து டப்பாவிலிருந்து பாராசிட்டமால், புரூஃபென், பேதி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

படி 4: அடத்தை எப்படி உடைப்பது

முதலில் ஒரு நாள் முழுக்க நாயின் வாய்க்குள் போவதை எல்லாம் எழுதுங்கள். டீக்கடைப் பொறை, தாத்தா பிட்டுப் போட்ட இட்லி, பிள்ளைகள் நீட்டிய பிஸ்கட் எல்லாம். சாப்பிடவே மாட்டேங்குது என்று சொல்கிற நாயின் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குக் கொழுப்பு மூடியிருப்பதைப் பல வீட்டில் பார்க்கலாம். அது பட்டினி இல்லை, வயிறு நிறைந்திருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகு முறை எளிது. ஒரே உணவு, காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. தட்டை வைத்து இருபது நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். நடுவில் எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். ஆரோக்கியமான வளர்ந்த நாய் பெரும்பாலும் ஓரிரு நாளில் வழிக்கு வரும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சோர்ந்தும் போனால் படி 2-க்குத் திரும்புங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாக ஊட்டிக்கொண்டிருந்தால் இது நடக்காது. உண்மையில் கஷ்டமான வேலை நாயைத் திருத்துவது இல்லை, அந்த ஒருவரைத் திருத்துவதுதான்.

கத்திரி வெயிலில் மதியம் எந்த நாயும் சரியாகச் சாப்பிடாது. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். மார்கழியில் ஆண் நாய் தட்டை மறந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் உங்களுக்கே தெரியும்.

ருசி காட்டக் கருவாடு போடுவது நம் ஊர் வழக்கம். வேண்டாம். அதில் உப்பு அதிகம். வாந்தியும் தாகமும் வரும், வெறும் சோற்றை நாய் அதற்கப்புறம் மதிக்காது. மணம்தான் வேண்டுமென்றால் உணவில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தாலே போதும்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நாயை அழைத்துப் போகிறவர்கள் கயிற்றை விடாதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மீனில் பேத்தை (உடம்பை ஊதிக்கொள்ளும் மீன்) இருந்தால் அது விஷம், செத்த பிறகும் விஷம்தான். நாய் தின்றிருந்தால் வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

படி 5: உணவை மாற்றத்தான் வேண்டும் என்றால்

ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. பிறகு புதியது முக்கால். ஏழாம் நாள் முழுக்கப் புதியது. நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நிற்கவும்.

பை உணவு வாங்குபவர்கள் சின்னப் பையாக வாங்குங்கள். ஐப்பசி மழையிலும் கடற்காற்றிலும் திறந்த பை சீக்கிரம் நமத்துவிடும், பூஞ்சை பிடிக்கும், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். நாய் திடீரென்று தட்டை விட்டு விலகினால், அதைத் திட்டுவதற்கு முன் பைக்குள் மூக்கை வைத்துப் பாருங்கள்.