நீல அடையாளம் போட்ட இடத்தில் வேறு கார் நின்றால்

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஆறு வருஷம். மாதம் ஒரு தரம் வெள்ளவத்தையிலிருந்து கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். வேகன் ஆர் கதவை முழுக்கத் திறந்து, சக்கர நாற்காலியை சீட்டோடு ஒட்டி வைத்து, அம்மாவை இடுப்பில் பிடித்துத் திருப்பி இருத்த வேண்டும். இரண்டு கார்களுக்கு நடுவே அது நடக்காது. அதற்குத்தான் சக்கர நாற்காலிப் படத்தை நீலத்தில் போட்டு, வலுக்குறைவு உள்ளவர்கள் கார் விட என்று ஒரு அகலமான இடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். வாசலுக்குக் கிட்ட இருப்பதைவிட அந்த இடத்தின் அகலம்தான் எங்களுக்கு முக்கியம். பக்கத்தில் கோடு கீறி விட்டிருக்கும் வெற்றிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலே போதும், எங்களால் இறங்க முடியாது.

இடத்தில் வேறு கார் நின்றால் முதலில் சாரதியிடம் தன்மையாகக் கேளுங்கள். இருதய வருத்தக்காரராக இருக்கலாம், காற்சட்டைக்குள் செயற்கைக் கால் இருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வாய்த்தர்க்கம் வேண்டாம். “ரெண்டு நிமிஷந்தானே அக்கா” என்று சொல்லிவிட்டுப் போன ஒருவர் முக்கால் மணித்தியாலம் வரவில்லை. அம்மா அவ்வளவு நேரமும் வெயிலுக்குள் காரிலேயே இருந்தா.

படம் எடுங்கள். இலக்கத் தகடும் நிலத்திலுள்ள அடையாளமும் ஒரே படத்தில் விழ வேண்டும். தகடு மட்டும் தெரிகிற படத்தை வைத்து எதையும் காட்ட முடியாது. நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு முகாமையாளரைக் கூப்பிடுங்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஐயாவைப் பிடித்துக் கத்துவது நியாயமில்லை. பெரிய ஜீப்பில் வருகிறவரிடம் “எடுங்க சேர்” என்று சொல்லிவிட்டு வேலையோடு நிற்க அவருக்கு யார் துணை? வளவுக்குள் நிற்கும் காரை எடுப்பிக்க வேண்டியது அந்த வளவின் நிர்வாகம். பொது வீதியில் பலகை போட்ட இடமென்றால் அந்தப் பகுதிப் பொலிஸின் போக்குவரத்துப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

அன்றைக்கே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுங்கள், தமிழில் எழுதலாம். வலுக்குறைவு உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கைச் சட்டமான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பொதுமக்கள் போய்வரும் கட்டிடத்துக்குள் போவதற்கு, வலுக்குறைவைக் காரணமாக வைத்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்கு மனுவோடு போகலாம். கட்டிட வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வந்தன. அவை ஏட்டில் கிடக்காமல் நடைமுறைக்கு வர வேண்டுமென்று, நாட்டின் ஆக மேலான நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போனவர் அஜித் பெரேரா. 1992 இல், ஓடிக்கொண்டிருந்த அவருடைய கார் மேல் வீதியோர மரம் விழுந்தது. அதன்பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியேதான் வழக்குப் பேசினார். 2011 இல் உத்தரவு கிடைத்தது. எங்களுக்காகவும் அலைந்த மனிதர்.

அரச ஆஸ்பத்திரி, அரச அலுவலகம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், தொலைபேசி 1996. சம்பவம் நடந்து ஒரு மாதத்தைக் கடத்தாதீர்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் அந்த ஒரு மாதக் கணக்கு முக்கியம்.

லண்டனிலுள்ள தங்கச்சி அங்கத்தைய நடைமுறையைச் சொன்னா. வலுக்குறைவு உள்ளவருக்கு நீல அட்டை கொடுக்கிறார்கள். அவருடைய தேவைக்கில்லாமல் வீட்டார் தங்கள் வேலைக்கு அதைப் பாவித்துப் பிடிபட்டால் 1000 பவுண் வரை தண்டம், அட்டையும் பறிபோகலாம். அதைக் கேட்ட நாளிலிருந்து, மருந்து எடுக்க நான் தனியே போகும்போது, அந்த இடம் வெறுமையாகக் கிடந்தாலும் காரைத் தள்ளித்தான் விடுகிறேன்.

கடிதத்தில் பொதுவாகக் குறை சொல்லாமல், செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். நான் கேட்டது, வேறு கார் நிற்காமல் அந்த இடத்தை மறித்து வைக்க ஒரு கோன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு வைத்தார்கள். இப்போது காலி வீதியால் திரும்பும்போதே கோல் எடுத்துச் சொல்கிறேன், செக்யூரிட்டி ஐயா கோனை எடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் வந்து நிற்கிறார்.