தெருவில் ஒரு சர்வமதக் குழு: வடசென்னைக்கான செய்முறை

சர்வமத மேடையில் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். நள்ளிரவில் வதந்தி கிளம்பும்போது ஜமாத் செயலாளரும் பங்குத்தந்தையும் அம்மன் கோயில் பூசாரியும் தயங்காமல் ஒருவரையொருவர் போனில் கூப்பிடும் அளவுக்குப் பழக ஆறேழு மாதம் ஆகும். மதத்தைப் பற்றிப் பேசிப் பேசி அந்தப் பழக்கம் வந்துவிடாது. ஒரே சாக்கடை அடைப்புக்காக ஒரே அலுவலகத்துக்கு நாலு தடவை ஒன்றாக அலைந்தால் தானாக வரும். அதனால் முதல் கூட்டத்தின் பொருளாக ‘நல்லிணக்கம்’ என்று எழுதாதீர்கள். ‘குழாயில் கழிவுநீர் கலந்து வருவது’ என்று எழுதுங்கள்.

யாரை அழைப்பது

முந்நூறு, நானூறு வீடுகளுக்கு ஒரு குழு போதும். 12 முதல் 15 பேர், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். தலைவர்களை மட்டும் அழைத்தால் வாழ்த்துரையோடு முடிந்துவிடும். மோதினார் (பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர்), கோயில்பிள்ளை (சர்ச் ஊழியர்), சுயஉதவிக் குழுப் பெண்கள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், காசிமேடு பக்கமானால் மீனவர் சபைக்காரர்கள், கேரம், கால்பந்து மன்றத்துப் பையன்கள் என்று தெருவில் நாள் முழுக்க நிற்பவர்களே முதலில் தேவை. சாமி கும்பிடாதவர்களும் இருக்கட்டும். வடசென்னையில் படிப்பகங்களை வளர்த்தவர்களில் அவர்கள் பலர்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கோயில் தர்மகர்த்தா ஒருவரை உட்காரவைத்துவிட்டு ‘இந்துக்கள் வந்துவிட்டார்கள்’ என்று கணக்கு எழுதிவிடுவார்கள். தலித் மக்கள் அதிகம் வாழும் ஹவுசிங் போர்டு பிளாக்கிலிருந்து ஒருவரும் இருக்கமாட்டார். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஒரே குடும்பத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் பௌத்தரும் உண்டு. சாதியைப் பேசாத மத நல்லிணக்கம் அங்கே யார் காதிலும் ஏறாது.

இடம் எந்த வழிபாட்டுத் தலமாகவும் இருக்க வேண்டாம். மாநகராட்சிப் பள்ளி, சமுதாய நலக்கூடம், படிப்பகம் ஏதாவது பாருங்கள். ஞாயிறு மதியம் 3 மணி பொருந்தும்: ஆராதனை முடிந்திருக்கும், சாப்பாடு ஆகியிருக்கும், அசர் (பிற்பகல்) தொழுகை நேரத்தைப் பக்கத்துப் பள்ளிவாசலில் கேட்டு அதற்கு இடம் விட்டு, ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். நோன்பு மாதத்தில் டீயைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டாகச் சாப்பிடும் நாளில் எல்லோரும் தொடக்கூடிய சைவச் சாப்பாடு போதும். ஆனால் வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார் என்ற பேச்சு குழுவுக்குள் வரவே கூடாது. பிரசாதத்தை வாங்காதவரை வற்புறுத்தவும் வேண்டாம், அதை மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ‘எல்லா மதமும் ஒன்றுதான்’ என்று தொடங்குகிறவரை மெல்ல நிறுத்துங்கள். தன் நம்பிக்கையை உயிராக நினைப்பவருக்கு அந்தப் பேச்சு வலிக்கும்.

முதல் ஆறு மாதம் பணம் வசூலிக்காதீர்கள். டீச் செலவுக்குத் தலைக்கு 20 ரூபாய் அன்றன்றே போட்டுத் தீர்த்துவிடலாம். கவுன்சிலரை மனு வாங்கிக்கொள்ள அழையுங்கள், தலைமை தாங்க அழைக்காதீர்கள்.

மனு

ஒரே தாள், ஒரே பிரச்சினை. பள்ளிவாசல் ஒரு மனு, சர்ச் ஒரு மனு என்று தனித்தனியாகக் கொடுத்தால் ‘அவர்கள் பகுதிப் பிரச்சினை’ என்று ஒதுக்கிவிடுவது அதிகாரிகளுக்குச் சுலபம். எல்லோருடைய கையெழுத்தும் ஒரே தாளில் கலந்து இருக்கட்டும். முதலில் மாநகராட்சியின் 1913-ல், குடிநீர், கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியத்தின் 1916-ல், புகார் பதிந்து எண்ணை வாங்குங்கள். பிறகு மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத நகல் பிறகு எதற்கும் உதவாது. அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘இன்ன தேதி மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஊர்வலம்

விநாயகர் சிலைகள் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் கரைக்கப் போகும் நாட்கள், மாதா தேர், ஆடித் திருவிழா எல்லாவற்றையும் ஒரே காலண்டரில் குறித்துவையுங்கள். இஸ்லாமியப் பண்டிகைகள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால் பழைய காலண்டர் உதவாது. இரண்டு வாரம் முன்பே, ஊர்வலம் நடத்துபவரும் வழியிலுள்ள பள்ளிவாசல், சர்ச் ஆட்களும் பாதை முழுக்கச் சேர்ந்து நடந்து பாருங்கள். மேளத்தை எந்த வாசலில் நிறுத்துவது, எந்த வாசலைத் தாண்டி மறுபடி தொடங்குவது என்று கடை, மின்கம்ப அடையாளத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ‘பள்ளிவாசல் பக்கத்தில்’ என்று எழுதினால் ஆளுக்கு ஒரு தூரம் நினைப்பார்கள், சண்டை அங்கேதான் தொடங்கும். ஜமாத் தொழுகை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் ஊர்வலத்தைச் சற்றுத் தாமதித்தாலே போதும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது எல்லா மதத்துக்கும் பொது. அதை ஒருவருக்கு மட்டும் நினைவூட்டினால் குழு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகவே தெரியும்.

வதந்தி

வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேரில் பார்த்தவர் யார்? அரை மணிக்குள் இரண்டு பேர், வேறு வேறு மதத்தவர், சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். ஒருவர் மட்டும் போனால் அவர் சொல்வதைப் பாதித் தெரு நம்பாது. பொய் என்று தெரிந்தால் அந்த வீடியோவை மறுபடி அனுப்பி ‘இது பொய்’ என்று எழுதாதீர்கள். மறுப்பு உதிர்ந்துபோய் வீடியோ மட்டும் சுற்றும். போய்ப் பார்த்த இருவரும் தங்கள் பெயர், இடம், நேரம் சொல்லி ஒரு நிமிடத்துக்குள் குரல்பதிவு அனுப்பட்டும். முதலில் வந்த பதிவையும் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். செய்தி உண்மையாக இருந்தால் மறைக்காதீர்கள். ஒருமுறை மறைத்த குழுவை அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

குழு தொடக் கூடாதவை

மதம் மாறிக் காதலித்த இருவர் வீட்டைவிட்டுப் போகும்போதுதான் குழுவுக்கு உண்மையான சோதனை. இரண்டு வீட்டாரும் ‘பேசி முடித்துக் கொடுங்கள்’ என்று வருவார்கள். செய்தால் அது கட்டப்பஞ்சாயத்து. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகியிருந்தால் முடிவு அவர்களுடையது. மதம் மாறாமல் மணந்துகொள்ள 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் அறிவிப்புக் காலத்தோடு. யார் மேலும் யாரும் கை வைக்காமல், எந்தக் கடையும் உடைபடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே குழுவின் வேலை. சிறார் மீதான வன்முறை என்றால் உடனே 1098, பெண்கள் மீது என்றால் 181. சாதி வன்கொடுமையில் புகார் கொடுப்பவரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். ‘ஊர் அமைதிக்காக’ விட்டுக்கொடுக்கச் சொல்வது, அடிபட்டவரையே இன்னொரு முறை அடிப்பது.

மழைக்கு முன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். செப்டம்பருக்குள் மூன்று காரியத்தை முடித்துவையுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள் பட்டியலைத் தாளில் எழுதிவையுங்கள்; மின்சாரம் போனால் போன் உதவாது. 100 பேருக்கு ஒரு வேளை சாம்பார் சாதத்துக்கு 10 கிலோ அரிசி, 3 கிலோ துவரம்பருப்பு எந்தக் கடையில் கடனாகக் கிடைக்கும் என்று பேசிவையுங்கள். வாயு கசிந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நகர வேண்டும் என்பதைப் பிள்ளைகள் வரை சொல்லிவையுங்கள். தெருவில் உயரமான மாடி பள்ளிவாசலுடையதோ சர்ச் ஹாலோ கல்யாண மண்டபமோ, அதன் மாற்றுச் சாவி வேறு மதத்தவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். சாவி யார் வீட்டில் என்பதை அந்த முதியவர் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.