'லிட்டில்' வேறு, 'அ லிட்டில்' வேறு

புதிதாக மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கும் ஒருவர் போன வாரம் தன் பக்கங்களைச் சரிபார்க்கக் கொடுத்தார். மூட்டுவலிக்காரர்களுக்கான கையேடு. நடை நன்றாக இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை. நான்காம் பக்கத்தில் 'இதனால் சிறிதளவு பயன் உண்டு' என்ற வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆங்கில மூலத்தில் இருந்தது 'லிட்டில் பெனிஃபிட்'. 18 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே பிழை.

'ஹார்ட்', 'ஹார்ட்லி' குழப்பத்தையெல்லாம் அகராதி தீர்த்துவிடும். அகராதியைப் பார்த்த பிறகும் வருகிற பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஓர் 'அ' விட்டுப்போனால்

பாத்திரத்தில் அரை டம்ளர் பால் இருக்கிறது. 'அ லிட்டில் மில்க்' என்று ஒருவர் சொன்னால், கொஞ்சம் பால் இருக்கிறது, ஒரு காபிக்குக் காணும் என்று பொருள். அதே பாலைப் பார்த்து இன்னொருவர் 'லிட்டில் மில்க்' என்றால், பால் அவ்வளவாக இல்லை, கடைக்குப் போகவேண்டும் என்கிறார். பால் அதே அரை டம்ளர்தான். முதலாமவர் இருப்பதைச் சொல்கிறார், இரண்டாமவர் இல்லாததைச் சொல்கிறார். எண்ணக்கூடியவற்றுக்கு 'அ ஃபியூ', 'ஃபியூ' இரண்டும் இதே கணக்கு.

தமிழில் அந்த 'அ' கிடையாது. அதன் வேலையை நம்மிடம் 'தான்' செய்கிறது, வினைமுற்று செய்கிறது. 'சிலர் வந்தார்கள்' என்பது 'அ ஃபியூ'. 'சிலர்தான் வந்தார்கள்', 'அதிகம் பேர் வரவில்லை' என்பவை 'ஃபியூ'. புதியவர்கள் 'சிறிதளவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். 'லிட்டில்' தனியாக வந்தால், தமிழ் வாக்கியம் பெரும்பாலும் 'இல்லை'யில்தான் முடியவேண்டும். 'ஒன்லி அ லிட்டில்' என்று வந்தால் கவனம்: 'அ' இருந்தாலும் முன்னால் நிற்கும் 'ஒன்லி' அதை மறுபடி இல்லாமை பக்கம் திருப்பிவிடும். அது 'கொஞ்சம்தான்'.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மருத்துவமனைக்காக நான் மொழிபெயர்த்த துண்டுப் பிரசுரத்தில், ஒரு களிம்பைப் பற்றி 'லிட்டில் எவிடென்ஸ்' என்று இருந்தது. 'வலியைக் குறைக்கும் என்பதற்குச் சிறிதளவு சான்று உள்ளது' என்று எழுதினேன். மருத்துவர்கள் சொல்லவந்தது, அதை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள் என்பது. அச்சாகி ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். புறநோயாளிகள் வரிசையில் ஒரு பெரியவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். என் வரிக்குக் கீழே நீல மையில் கோடு. "சான்று இருக்குன்னு போட்டிருக்கே தம்பி, அதான் மூணு ட்யூப் வாங்கினேன்" என்றார்.

மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சம் தாள்களிலும் 'போதிய சான்று இல்லை' என்ற திருத்தச் சீட்டை நானே வெட்டி, நானே பசை தடவி ஒட்டினேன். இரண்டு நாள் ஆயிற்று. ஏற்கெனவே வெளியே போன தாள்களை எப்படித் திரும்ப வாங்குவது? அதனால்தான் இந்த ஒரு பிழையைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வாக்கியம் சரளமாக இருக்கும், இலக்கணம் சரியாக இருக்கும். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காதவர் கண்ணில் அது படவே படாது.

'குவைட் அ ஃபியூ'

பலர். சிலர் அல்ல.

'ட்ரேஸ்' தடயம் அல்ல

சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டில் புரதத்துக்கு எதிரே 'ட்ரேஸ்' என்று வரும். 'நில்' (இல்லை) என்பதற்கு மேலே, '1+'க்குக் கீழே உள்ள படி அது. 'புரதத்தின் தடயம்' என்று எழுதினால் படிப்பவருக்குப் போலீஸ் விசாரணைதான் நினைவுக்கு வரும். 'மிகச் சிறிதளவு' போதும். பிஸ்கட் பாக்கெட்டில் வேர்க்கடலையைப் பற்றி இதே சொல் வந்தால், 'இல்லை என்றே சொல்லலாம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சிறிதளவே ஆபத்து, எச்சரிக்கையே அதற்காகத்தான்.

'பேர்லி'யும் 'ஹார்ட்லி'யும்

'பேர்லி பாஸ்ட்' என்றால் தட்டுத்தடுமாறித் தேறினான், தேறிவிட்டான். 'ஹார்ட்லி ஸ்லெப்ட்' என்றால் தூங்கவே இல்லை எனலாம்.

பிரிட்டிஷ்காரரின் 'அ பிட்'

1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆற்றங்கரை. சீனப்படை அலை அலையாக வந்துகொண்டிருக்க, பிரிட்டிஷ் படையணித் தலைவர் டாம் பிரோடி, நிலைமை 'அ பிட் ஸ்டிக்கி' என்று அமெரிக்க மேலதிகாரிக்குத் தகவல் சொன்னார் என்பது இன்றும் சொல்லப்படும் சம்பவம். சற்றுச் சிரமம், சமாளித்துக்கொள்வார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டார். பிரோடி சொன்னதோ, கழுத்துவரை வந்துவிட்டது என்று. அவருடைய படையணியில் இருந்த குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு சுற்றிவளைக்கப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். இருவருக்கும் தாய்மொழி ஆங்கிலம்! ஆகவே 'அ பிட்' வந்தால், சொல்பவர் யார், எந்த ஊர்க்காரர் என்று பார்த்துவிட்டு 'சற்று' போடுங்கள். லண்டனிலிருந்து வரும் கடிதத்தில் 'அ பிட் டிஸப்பாயின்டட்' என்று இருந்தால், பெரும்பாலும் அவர் நன்றாகவே கோபத்தில் இருக்கிறார்.

'அன்காமன்', 'ரேர்', 'வெரி ரேர்'

மூன்றுக்கும் 'அரிதாக' என்று எழுதுகிறார்கள். ஐரோப்பிய மருந்துக் குறிப்புகளில் இவை வெறும் சொற்கள் அல்ல, வரையறுத்த எண்கள். பக்கவிளைவு 'அன்காமன்' என்றால் 1,000 பேரில் ஒருவர் முதல் 100 பேரில் ஒருவர் வரை. 'ரேர்' என்றால் 10,000 பேரில் ஒருவர் முதல் 1,000 பேரில் ஒருவர் வரை. 'வெரி ரேர்' 10,000-ல் ஒருவருக்கும் கீழே. நான் 'எப்போதாவது', 'அரிதாக', 'மிக அரிதாக' என்று பிரித்துக்கொள்கிறேன். மூலத்தில் எண் இருந்தால் அதையும் பக்கத்திலேயே போடுகிறேன். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் தேடுவது அந்த எண்ணைத்தான்.